முத்தாந்துறையின் நன்னீர்ச் சுரங்கம்

பழைய கப்பல் மேடைக்கு அடியில், பாசி படர்ந்த செங்கல் வளைவுக்குள் முதல் அடி வைத்தபோதே செலஸ்டினுக்கு நெஞ்சு உறுத்தியது.

"கடல் ஏற இன்னும் மூணு மணி நேரம் கிடக்கு. போதும்ல?" என்று பின்னால் வந்த ரூபன் கேட்டான்.

"தாராளமா போதும்," என்றாள்.

ரூபனிடம் சுரங்கத்தின் பழைய வரைபடத்தின் முன்பக்க நகல் மட்டுமே இருந்தது. செலஸ்டினிடம் இருந்த மூலப்படத்தின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு: பக்கக் கிளை வழியாக ஒரு மணி நேரத்திலேயே தண்ணீர் புகுந்துவிடும். அதைச் சொன்னால் அவன் வரமாட்டான். தனியாளாகப் போகவும் முடியாது. நாளை புதிய சாலைக்காக இந்தச் சுரங்க வாயை மண் கொட்டி மூடப்போகிறார்கள்.

பாய்மரக் கப்பல்களுக்குக் குடிநீர் கொடுத்த ஊற்றுத்தொட்டி மணல்மேட்டுக்கு அடியில் எங்கோ இருந்தது. அதே முத்தாந்துறையில்தான் இன்று லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. தொட்டியைக் கண்டுபிடித்தால் போதும் என்று செலஸ்டின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குனிந்தும் தவழ்ந்தும் போனார்கள். வவ்வால்கள் முகத்தில் மோதின. முக்கால் மணி நேரத்தில் சுரங்கம் ஓர் அறையாக விரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகத் தளும்பியது தொட்டி. ரூபன் ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"ஏட்டி, உப்பே இல்ல," என்று சிரித்தான். ஓரத்தில் ஏறி மறுபக்கம் பார்க்கப் போனவனின் காலடியில் கல் பெயர்ந்தது. விழுந்தவனின் கணுக்கால் பிசகிவிட்டது.

அப்போதுதான் வந்த வழியில் சலசலப்பு கேட்டது.

"அதுக்குள்ள எப்படிக் கடல் வரும்?" என்றான் ரூபன்.

செலஸ்டினால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "எனக்குத் தெரியும் ரூபன். படத்துக்குப் பின்னால எழுதியிருந்துச்சு. உங்கிட்ட மறைச்சிட்டேன்."

அவன் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சுவரைத் தடவி ஓடினாள். ஒரு மூலையில் காற்று முகத்தில் பட்டது. பழைய காற்றுப்போக்கி! மேலே ஒரு பொட்டு வானம் தெரிந்தது. ரூபனைத் தாங்கி அங்கே கொண்டுவந்து, தோளில் கிடந்த கயிற்றை அவன் அக்குளில் சுற்றிக் கட்டினாள். துருப்பிடித்த படிக்கம்பிகளைப் பிடித்து முதலில் தான் ஏறி, தாழம்புதரின் அடிமரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. விடவில்லை. கடைசியில் ரூபனின் தலை வெயிலில் எழும்பியது.

தொட்டி கிடைத்த சேதி கேட்டு, மறுநாள் மண் லாரிகள் திரும்பிப் போயின. கடல் வடிந்ததும் ஊற்றில் எடுத்த தண்ணீரை அதிகாரிகள் சோதித்து நல்லது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர்க்கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் இருவருக்கும் மாலை போட வந்தார். செலஸ்டின் கை நீட்டித் தடுத்தாள்.

"ஊருக்குத் தண்ணி வேணும்னு ஒருத்தன் உயிரைக் கேக்காமலே பணயம் வச்சேன். எனக்கு மாலை வேண்டாம்."

கட்டுப்போட்ட காலோடு ரூபன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"மாலை உன் இஷ்டம்," என்றான் அவன். "தெக்க இன்னொரு சுரங்கம் இருக்காம். கால் சரியாகட்டும், போவோம். ஆனா படத்தோட ரெண்டு பக்கத்தையும் நாந்தான் முதல்ல படிப்பேன்."

செலஸ்டின் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இன்னும் துணிவு வரவில்லை.