நீலக் கோடு போட்ட கரண்டி

"பெர்லா! இந்தக் கரண்டியை எங்கேருந்துடி எடுத்தே?"

வெள்ளிக்கிழமை காலை. வீட்டில் இன்னும் யாரும் காலை மாத்தே பானம் குடித்து முடிக்கவில்லை. அடுப்பில், அன்று மாலை பிறக்கும் யூதர்களின் ஓய்வுநாளான சபாத்துக்கான கோழி சூப் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் நின்றிருந்த கரண்டியை பெர்லாவின் நாத்தனார் கோல்டே வெளியே இழுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"ஏன் அக்கா? வலது பக்க டிராயர்லதான்..."

"பொய் சொல்லாதே! கைப்பிடியில நீலக் கோடு இருக்கு. சிவப்புன்னா மாமிசம், நீலம்னா பால். இது பால் கரண்டி! பாலும் மாமிசமும் கலக்கக் கூடாதுன்னு வேதத்துலயே இருக்குடி! மாமிசப் பானைக்குள்ள பால் கரண்டியைப் போட்டிருக்கே! எங்க அம்மா இருந்த வீடுடி இது... ஐம்பது வருஷமா இந்த அடுப்படியில ஒரு தப்பு நடந்தது கிடையாது. இந்த மாசத்துல மட்டும் இது மூணாவது தடவை!"

பெர்லா ஈரக் கையை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தாறு வயதில் கணவனைப் பறிகொடுத்தவள். மறுமணம் பேசி வந்தவர்களிடம், "என் மாமியாரும் நாத்தனாரும் எங்கே போவாங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள். ஓன்ஸே கடைத்தெருவில் முப்பது வருஷம் பொத்தான் கடை நடத்தி, மாமியாரைக் கடைசிவரை பார்த்து, மகனையும் ஆளாக்கினாள். இப்போது எழுபத்தோரு வயதில் ஒரு கரண்டிக்காகக் குற்றவாளியாக நிற்கிறாள்.

"வாயைத் திறக்கிறாளா பாரு! நம்ம குரு ராபியைக் கேட்கணும். நம்பர் எங்கே? உன் பையிலதானே?"

"அக்கா, பையை நான் எடுத்துத் தரேன்... இருங்க..."

கோல்டே இருக்கவில்லை. எழுபத்தொன்பது வயதுக்கு அவள் நடை வேகம் அதிகம். பையைத் தலைகீழாக மேஜையில் கொட்டினாள். கண்ணாடிக்கூடு, பஸ் அட்டை, ஒரு நோட்டு, பளபளக்கும் ஒரு காகிதம். காகிதத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு கட்டிடம். 'தாமர் இல்லம். நம் சமூகத்தின் முதியோருக்கு.'

கோல்டே அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"ஓ... இதுதானா விஷயம்? மூணு வாரமா புதன்கிழமை புதன்கிழமை டாக்டர்கிட்ட போறேன்னு கிளம்பினது இதுக்குத்தானா? என்னைக் கொண்டுபோய்த் தள்ள இடம் பார்த்தியா?"

"அக்கா! அப்படியெல்லாம்..."

"ரூபென்! டேய் ரூபென்! இங்கே வாடா. உங்க அம்மா பண்ணியிருக்கிற காரியத்தைப் பாரு!"

பக்கத்து அறையிலிருந்து ரூபென் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தான். காகிதத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"ஏம்மா... அத்தையை அனுப்பணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்படித் திருட்டுத்தனமாவா?"

அந்த வார்த்தைதான் பெர்லாவைச் சுட்டது. கோல்டே திட்டுவது மழை மாதிரி, நனைந்துவிட்டுத் துடைத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளை...!

"நோட்டைப் படிடா," என்றாள் மெதுவாக. "உன் வாயாலேயே படி."

ரூபென் பிரித்தான். ஒரு பக்கத்துக்கு மூணு நாலு வரிதான். கறுப்பு மையில், கடைப் பலகை மாதிரிப் பெரிய எழுத்துகள்.

"'சூப்பில் உப்பு கம்மி. படிக்கட்டு இல்லை. வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லாரும் சேர்ந்து மெழுகுவத்தி.' அடுத்த பக்கம்... 'மாமிசக் கரண்டிக்குக் கயிறு சுற்றியிருக்கிறார்கள். தொட்டாலே தெரிகிறது.' அப்புறம்..." அவன் பக்கத்தைத் திருப்பினான். "'நான் இங்கே வந்துவிட்டால், கோல்டே அக்காவுக்கு ராத்திரி முதுகில் யார் தைலம் தேய்ப்பார்கள்?'"

"என்னது?" என்றாள் கோல்டே. "நான் வந்துவிட்டாலா? யாரு நான்?"

"நான்தான் அக்கா," என்றாள் பெர்லா.

கோல்டே நோட்டைப் பிடுங்கினாள். அந்தப் பெரிய எழுத்துகளையே முறைத்தாள். பிறகு சூப் சொட்டும் கரண்டியை பெர்லாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்ன நிறம்? சொல்லு!"

"...சிவப்பு."

"நீலம்டி! நீலம்!" கோல்டே கரண்டியைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளாடி?"

"ஒரு வருஷமா. கண்ணுக்கு நடுவுல ஒரே புகை. ஓரத்துல கொஞ்சம் தெரியும். இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க அடுப்படியை நான் கெடுத்துட்டே இருக்கேன் அக்கா... உங்களுக்கு அது எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாதா? அதான், தப்பு பண்றவளே விலகிடலாம்னு..."

"அடிப் பாவி! நீ விலகிட்டா நான் யாரைத் திட்டுவேன்?"

அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக ஒருத்தரிடம் ஒருத்தர் அன்பாக ஒரு வார்த்தை பேசியறியாத இரண்டு பெண்கள், கொதிக்கிற சூப்புக்குப் பக்கத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ரூபென் சவர நுரையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கோல்டேதான் முதலில் மூக்கைச் சிந்தினாள். "டேய், ராபிக்குப் போன் போடு. அப்புறம் வண்டியை எடு. அந்த இடத்தை நான் பார்க்கணும். இவளுக்கு வாயில்லை, போட்டதைச் சாப்பிட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு வந்திருப்பா."

ராபி ஒரே கேள்வி கேட்டார்: அந்தக் கரண்டி கடைசியாக எப்போது பாலில் பட்டது? திங்கட்கிழமை என்றாள் பெர்லா. ஒரு நாள் தாண்டிவிட்டதால் சூப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம், கரண்டியை மட்டும் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்றார். கோல்டேக்கு நிம்மதிதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

தாமர் இல்லத்தின் நிர்வாகி நோயெமி அன்று பட்ட பாடு! கோல்டே குளியலறைக் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தாள். கட்டில் மெத்தையைக் குத்தினாள். ரொட்டியைப் பிய்த்து மோந்தாள்.

"ராத்திரி மணி அடிச்சா எத்தனை நிமிஷத்துல வருவீங்க?"

"ரெண்டு நிமிஷம், அம்மா."

"அடிக்கட்டுமா?"

அடித்தாள். பகலாக இருந்தாலும் ஒன்றரை நிமிஷத்தில் நர்ஸ் வந்து நின்றாள். கோல்டே கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, "ம்" என்றாள். சமையலறையில் கயிறு சுற்றிய கரண்டிகளைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"ஒருத்தர் தங்குற அறைதானே கேட்டிருந்தீங்க?" என்றாள் நோயெமி.

"அது இவ கேட்டது. இப்ப நான் கேக்கறேன். ரெண்டு கட்டில் போட்ட அறை இருக்கா?"

"அக்கா! உங்களுக்கென்ன தலையெழுத்தா? உங்க வீடு, உங்க அம்மா வீடு..."

"அந்த வீட்டுல நீ இல்லாம வெறும் அடுப்புதான் இருக்கும். பேசாம இருடி."

"அடுத்த மாசம் ஒண்ணு காலியாகுது," என்றாள் நோயெமி. "ஜன்னல் பக்கக் கட்டில் யாருக்கு?"

"அக்காவுக்கு," என்றாள் பெர்லா சட்டென்று. "வெளியே நடக்கிறதைப் பார்த்து எனக்குச் சொல்லட்டும்."

"சொல்றேன். ஆனா சூப்புல உப்பு கம்மின்னு அவங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்ற இருபது நிமிஷமே இருந்தது. அதற்கப்புறம் முடிச்சுப் போடக்கூட முடியாது, சபாத் பிறந்துவிடும். கோல்டே அடுப்படி மேஜையில் குனிந்து அவசர அவசரமாக ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேரமாச்சு."

"தெரியும். கையை நீட்டு."

கைக்குள் ஒரு கரண்டி வந்தது. கைப்பிடியில் நூலால் இறுக்கிக் கட்டிய வட்டம். பெர்லாவின் விரல் அதைச் சுற்றி வந்தது. நாலு துளை. வழவழப்பு. ஓரத்தில் மெல்லிய வரப்பு.

"கொம்புப் பொத்தான்... அக்கா, இது நம்ம கடைப் பொத்தான்!"

"மாமிசக் கரண்டி எல்லாத்துலயும் கட்டியாச்சு. பால் கரண்டி மொட்டையா இருக்கும். இந்த ஒரு மாசத்துக்கு இதை வச்சுச் சமாளி. அங்கே போறப்ப இதையும் கொண்டுபோவோம், அவங்க கயிறு சீக்கிரம் பிரிஞ்சுடும்." கோல்டே அவள் விரலை மறுபடி பொத்தான் மேல் வைத்தாள். "இப்பச் சொல்லு. இது என்ன கரண்டி?"

"மாமிசம்," என்றாள் பெர்லா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலேயே சிரித்தாள்.

"அப்போ எனக்கு சூப் ஊத்தி வை. காலையிலேருந்து பட்டினிடி நான்!"

பிறகு கோல்டே தீக்குச்சியைக் கிழித்து பெர்லாவின் விரல்களுக்குள் வைத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெழுகுவத்தியின் திரி இருக்கும் இடத்துக்கு மெல்ல நகர்த்தினாள்.