உள்ளே ஆள் உண்டா?

கேள்வி அவள் எழுதியதுதான். சர்வர் அறைக் கதவைப் பூட்டும் முன் ஏஜெண்ட் "உள்ளே ஆள் உண்டா?" என்று கேட்க வேண்டும், "இருக்கேன்" என்று பதில் வந்தால் மட்டும் பூட்டக் கூடாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஈ காக்கை இல்லாத அலுவலகத்தில், தன் மேசையிலிருந்தே அந்தக் கேள்வியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். எதிரே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் பதில் வந்தது.

"இருக்கேன்."

பதில் சொன்னவர் பெயர்: குருவி.

பெயரை இன்னொரு முறை படித்தாள். குருவி செத்து மாதங்கள் ஆகியிருந்தன.

ஏஜெண்ட் என்றால் மனுஷன் இல்லை. கம்பெனியின் நெட்வொர்க்கை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் ஏஐ. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஏஜெண்டுகள் நுழைவதற்கு ஒரு லாகின் மென்பொருள் இருந்தது. அதற்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. கையேட்டை மனிதர்கள் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். ஏஜெண்டுகள் அப்படியில்லை. நுழையும்போதெல்லாம் முதல் வரியிலிருந்து படிக்கும். எழுதியிருப்பதை அப்படியே செய்யும். எழுதாததைச் செய்யாது.

குருவி நெட்வொர்க் இன்ஜினியர். எந்நேரமும் ஒயர்களுக்கு நடுவே தொங்காத குறையாக நின்றதால் தூக்கணாங்குருவி என்று பெயர் வைத்தவளே அவள்தான். அவனும் சிரித்துக்கொண்டே அதையே சுருக்கி, குருவி என்று லாகின் பெயராக வைத்துக்கொண்டான். குளிருக்கு எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர்.

"புகை வந்தா கதவைப் பூட்டிட்டு வாயுவைத் திறந்து விடணும்னு எழுதியிருக்கே. உள்ள நான் இருந்தா? கேட்டுட்டுப் பூட்டச் சொல்லி ஒரு வரி போடேன், தாயே" என்று ஒருநாள் கும்பிடு போட்டான்.

"ஒரு வரிக்காக மறுபடி எல்லார்கிட்டயும் ஒப்புதல் வாங்கி அலையணும். அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றாள்.

அடுத்த பதிப்புக்கு முன்பே ஒரு ஒயர் கருகியது. ஏஜெண்ட் கதவைப் பூட்டியது, விசிறிகளை நிறுத்தியது, தீயை அணைக்கும் வாயுவைத் திறந்தது. தீ அணைந்தது. உள்ளே இருந்தவனுக்கு மூச்சுவிடக் காற்று மிஞ்சவில்லை. அன்றே, யாரும் பார்ப்பதற்குள், அந்த வரியைக் கையேட்டில் செருகிப் பழைய தேதியும் போட்டுவிட்டாள். விசாரிக்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதது அவன் கவனக்குறைவு என்று முடித்தார்கள்.

அவன் ஸ்வெட்டரை வாங்கிக்கொள்ள வந்த மனைவி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம்மா ஆகும்? பிள்ளைங்க நெனப்புகூடவா வரலை அவருக்கு?"

"அதான் தெரியலைக்கா" என்று அவள் சொன்னாள். அதைச் சொன்ன வாயில் அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது மேலாளருக்குப் போன் போட்டாள்.

"அவன் லாகினை யாரும் மூடியிருக்க மாட்டாங்க. சர்வர் அறைக்குள்ள போய் அங்க இருக்கற திரையில அதை மூடி விட்டுரு" என்று கொட்டாவியோடு சொல்லி வைத்துவிட்டார்.

கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. நூற்றுக்கணக்கான சின்ன விசிறிகளின் இரைச்சல், தரைப் பலகைகளுக்கு அடியில் ஊர்ந்து போகும் காற்று, மினுக்கி மினுக்கிச் சுவரில் நிழலை நகர்த்தும் பச்சை விளக்குகள், இவை எல்லாவற்றுக்கும் அடியில், இருக்கிறதா இல்லையா என்றே முதலில் தெரியாதபடி, ரப்பர் கருகும் வாசனை. கோடியில் திரையும் அவன் நாற்காலியும். தற்செயலாக நாற்காலியில் கை வைத்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

"குருவி" என்றாள். "தப்பு என்னோடதுதான். அக்காகிட்ட சொல்லிடறேன்."

இரைச்சல் ஒரு படி தணிந்தது. காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது. போனை எடுத்து அவன் மனைவியின் எண்ணைத் தேடினாள். சொன்னால் வேலை போகும். பேர் போகும். ஜெயில்கூட. எண்ணின் மேலேயே விரல் நின்றது. அந்தப் பிள்ளைகள் அப்பாவைக் கவனம் கெட்டவன் என்றே நினைத்து வளரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு வேணாம்" என்று முணுமுணுத்தாள். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

போனைப் பைக்குள் போட்டாள்.

ஒரு விசிறி நின்றது.

வாசனை கனத்தது. தொண்டை கரித்தது. சர்வர் அலமாரிக்குப் பின்னாலிருந்து மெல்லிசாகப் புகை. திரையில் ஒரு வரி வந்தது.

உள்ளே ஆள் உண்டா?

பாய்ந்து தட்டினாள். இருக்கேன். எழுத்து விழவில்லை. மறுபடி தட்டினாள். இருக்கேன். இருக்கேன். லாகின் செய்திருப்பவர் பதில் மட்டும்தான் செல்லும். அதுவும் அவள் எழுதியதுதான்.

பதில் வந்தது.

குருவி: அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.

கதவு பூட்டிக்கொண்டது.

ஓடினாள். கண்ணாடியை அடித்தாள். வெளியே அவள் மேசை, அவள் விளக்கு. அவள் நாற்காலியில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு முதுகு. குனிந்து, நிதானமாக, எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த முதுகு திரும்பவே இல்லை.