நன்னடத்தைப் பரிசு

மூன்றாம் நாள்தான் செலீனா கவனித்தாள்: மாமியின் ஊசியில் நூல் இல்லை.

ஜன்னலோரக் கதிரையில் இருந்து தங்கமலர் மாமி வெள்ளைத் துணியைத் தைத்துக்கொண்டேயிருந்தாள். தேயிலையும் பழங்கடதாசியும் பசையும் கலந்து நாறிய அந்த அறையில், பின்னேர வெயில் திரைச்சீலைக்கு அப்பால் தயங்கி நிற்க, ஊசி ஏறும்போது ஒரு ‘டிக்’, இறங்கும்போது ஒரு ‘டிக்’ என்று அந்தச் சத்தம் சுவர்க்கடிகாரத்தையும் முந்திக்கொண்டு ஓடியது.

மரியரட்ணம் மாமா ஊரில் மூன்று வருஷம் ஆங்கிலம் படிப்பித்தவர். பிழைக்க வந்த இந்த வடஐரோப்பிய ஊரான இக்காஸ்டில், இருபது வருஷமாகத் தொழிற்சாலையில் காலுறைக்கு லேபிள் ஒட்டுகிறார். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து கழுத்துப்பட்டி கட்டிவிட்டாரென்றால், இங்கிலாந்துப் பிரபுக்களே அனுமதி கேட்டுத்தான் தேநீருக்கு வரவேண்டும். பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி ஆங்கில நாவல்கள் வாங்கியிருந்தார். நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தின் ஞாயிறு பள்ளிகளில் அடக்கமான பெண்பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரே கதை. ஒருத்தி வீட்டைவிட்டுப் புறப்படப் பார்ப்பாள். கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் காய்ச்சல் வரும். எழும்பும்போது தங்கமான பெண்ணாகியிருப்பாள்.

அன்று காலைதான் ஊரில் சண்டை முடிந்ததென்று செய்தி வந்தது. இங்குள்ள ஊர்ச்சனம் நகரமண்டப வாசலில் அழுதுகொண்டு நிற்க, மாமா தொலைக்காட்சியை அணைத்தார்.

“தேநீர் நேரத்தில ஒப்பாரி கூடாது.”

செலீனாவின் பெட்டி வாசலில் இருந்தது. ஸ்கீவ நகரில் படிப்பு முடித்து, மூன்று நாள் தங்க வந்தவள். விபோர்க் நகர முதியோர் இல்லத்தில் நாளைக்கு வேலை. ஆறு மணிக்கு ரயில். வேலை இருந்தால்தான் அம்மாவை ஊர் முகாமிலிருந்து இங்கே எடுக்க வழி.

“சண்டைதான் முடிஞ்சுதே, யங் லேடி. இனி என்ன வேலை? குடும்பப் பிள்ளைக்கு வீடுதான் அழகு.”

“அம்மா முகாமில இருக்கிறா, மாமா. நான் போகத்தான் வேணும்.”

“ஓம், ஓம். ஒரு அத்தியாயம் கேட்டிட்டுப் போ.”

சிவப்பு அட்டைப் புத்தகமொன்றை நீட்டினார். பெரியவர் தருவதை ஒற்றைக் கையால் வாங்கிப் பழக்கமில்லை; இரண்டு கையாலும் வாங்கினாள். நன்றியும் சொன்னாள்.

உள்ளே, ‘நன்னடத்தைக்கு’ என்ற பரிசு லேபிள். அதில் மாமாவின் சுருட்டெழுத்தில் அவள் பெயர். பசை காயவில்லை. ஆனால் லேபிள் தடிப்பாக இருந்தது. மாமா கண்ணாடி துடைக்கும் நேரத்தில் நகத்தால் மூலையைக் கிளப்பினாள்.

அடியில் தங்கமலர். அதற்கடியில் எடித். அதற்கடியில் மேபல். இன்னும் இருந்தன.

“மாமி... இதில உங்கட பேர்...”

“நானும் பெட்டி கட்டினனான், பிள்ளை. விபோர்க்குக்குத்தான்.” டிக். “காய்ச்சல் வந்திட்டுது.”

“எப்ப?”

“சுகமாகி எழும்பினாப் பிறகு சொல்றன்.”

மாமா புத்தகத்தை வாங்கி, தொண்டையைச் செருமி, பிரசங்கியார்போல வாசிக்கத் தொடங்கினார். கடைசிக்கு முந்திய அத்தியாயம். கதையின் பெண் தொப்பியைக் கட்டினாள். செலீனாவின் நெற்றி சுட்டது. கதையின் பெண் கதவுவரை போனாள். செலீனா எழும்பப் பார்த்தாள். கால் எழும்பவில்லை.

“மாமா, நிப்பாட்டுங்கோ.”

“குறுக்க கதைக்கிறது நல்ல பழக்கமில்லை.”

நாக்கு காய்ந்தது. வாசலில் பெட்டி தெரிந்தது. பத்து அடி. பிறகு இருபது. மணி ஆறு. வீட்டுக்குப் பின்னால் ரயில்பாதை அதிர்ந்தது. ரயில் போனது.

ஜன்னலோரத்தில் இரண்டாவது கதிரை எப்போது வந்தது?

மாமா பக்கம் புரட்டினார். கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அதில் இருந்த செலீனாவின் மடியில் வெள்ளைத் துணி. கை ஏறியது. டிக். இறங்கியது. டிக். அவள் அசைக்கவில்லை. பக்கத்தில் மாமி தலை நிமிராமல் அந்தத் தாளத்துக்கே தைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ஊசி. நூல் இல்லை.

வாசலில் அவளது பெட்டியை மாமா திறந்து, உள்ளேயிருந்த உடுப்புகளுக்கு ஒவ்வொன்றாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.