ஏழு அங்குல புல்லியும் ஏறாத முள்ளும்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லோரீன் ஸ்டாக்வெல்லின் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்த ராஸ்கோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கையிலிருந்த பெல்ட்டை மேசைமேல் வீசினார். மதியம் இரண்டு மணிக்குக் கால் மைல் கார்ப் பந்தயம். அதற்குள் தனக்கு நியாயம் வேண்டும் என்றார்.

லோரீன் அந்த ஒஹாயோ ஊரில் இருபது வருடமாக பெல்ட்டும் பேரிங்கும் விற்பவர். எஞ்சின் புதிர்களோடு வீட்டுப் புதிர்களும் அவரிடம்தான் வரும். கடை உதவியாளர் டட்லிக்கு ஐம்பது வயது, யாரைப் பார்த்தாலும் குற்றவாளியாகத் தெரியும் வியாதி. ராஸ்கோ விவரம் சொல்லும் முன்பே அவர் நோட்டுப் புத்தகத்தோடு தயாராகிவிட்டார்.

ராஸ்கோவின் நீல நிற காரில் சூப்பர்சார்ஜர் உண்டு. எஞ்சினோடு சுழலும் சக்கரமான கீழ் புல்லி, பெல்ட் வழியாக மேல் புல்லியைச் சுழற்றும். அந்தச் சுற்றில்தான் எஞ்சினுக்குள் காற்று திணிக்கப்படுகிறது. கீழ் புல்லி பெரிதானால் காற்றும் கூடும், வேகமும் கூடும். ஆறு அங்குல புல்லியைக் கழற்றிவிட்டு ஏழு அங்குலம் போட மனிதருக்கு ஆசை. அதை லேத்தில் கடைந்து கொடுத்தவர் ஹெர்ஷல், முப்பது வருட நண்பர். நேற்று மாட்டி ஓட்டிப் பார்த்தால், காற்றழுத்தம் காட்டும் முள் பழைய எட்டைத் தாண்டவே இல்லை.

“ஏழுன்னு சொல்லி ஆறை என் தலையில கட்டிட்டான். இன்னியோட அவன் சங்காத்தமே வேண்டாம்,” என்றார் ராஸ்கோ. வீசிய பெல்ட்டைத் தானே எடுத்து ஒழுங்காக வைத்தார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் என்று லோரீனுக்குப் புரிந்தது.

அவர் நிதானமாக விசாரித்தார். முள் எட்டுக்குப் போய்ச் சரிந்ததா? இல்லை, கடைசிவரை அசையாமல் நின்றதாம். பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள்? துளிகூட இல்லை. அப்படியானால் பெல்ட் வழுக்கவில்லை. சரி, இந்த பெல்ட் எதற்கு இங்கே வந்தது?

அதையும் ராஸ்கோ எரிச்சலோடுதான் சொன்னார். பட்டியலைப் பார்த்து, ஏழு அங்குலத்துக்கென்று இதே கடையில் வாங்கியது. மாட்டினால் முக்கால் அங்குலம் போதவில்லை. நல்லவேளை, மனைவி விலெட்டா அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்தாள், அது கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் காருக்கு அடியில் படுத்திருக்க, மேலே மாட்டியதும் அவள்தான்.

லோரீன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். “வாங்க, மைதானத்துக்குப் போவோம்.”

மைதானத்தில் எலுமிச்சைச் சாறு விற்கும் வண்டியருகே ஹெர்ஷல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ராஸ்கோ காலையிலேயே தொலைபேசியில் திட்டித் தீர்த்திருந்தார். விலெட்டா தன் சிவப்பு காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் அதே ரகம், அதே வருடம். வாராவாரம் அவள் கணவனிடம் இரண்டு கார் நீளத்தில் தோற்பாள். இரவுச் சாப்பாட்டில் அவர் அவளுக்கு ஓட்டுவது எப்படி என்று பாடம் எடுப்பார்.

லோரீன் நீல காருக்கு அடியில் புகுந்து கீழ் புல்லியை அளந்தார். சுத்தமாக ஏழு அங்குலம். டட்லி ஏமாற்றத்தோடு நோட்டில் ஒரு பெயரை அடித்தார். பிறகு லோரீன் எல்லோரையும் அருகே கூப்பிட்டார்.

“ஹெர்ஷல் மேல தப்பில்ல. பெரிய புல்லி போட்டும் முள் ஏறலைன்னா, மேல் புல்லியும் பெருசாயிருக்கணும். மேல பெருசானா சுத்து குறைஞ்சிடும். ஆறுக்கு மூணு, ஏழுக்கு மூணரை, ரெண்டும் ஒரே கணக்குதான். அதனாலதான் பட்டியல்படி வாங்கின பெல்ட்டும் எட்டலை.”

“யாரு மாத்தினது?” என்றார் டட்லி.

“அந்த அளவுக்கு பெல்ட் எங்க பட்டியல்லயே கிடையாது. அதை முன்கூட்டியே வாங்கி அலமாரில வெச்சிருக்கணும்னா, மேல் புல்லி மாறினது தெரிஞ்சவங்களாத்தான் இருக்கணும்.”

எல்லோரும் விலெட்டாவைப் பார்த்தார்கள். அவள் துணியை மடித்து வைத்தாள்.

“ஆமா, நான்தான். என் மூணரையை அவருக்குப் போட்டுட்டு, அவர் மூணை நான் எடுத்துக்கிட்டேன். என் கீழ் புல்லி ஆறுதான். இப்ப ரெண்டு காரும் ஒரே பலம். யாரு நல்லா ஓட்டுறாங்கன்னு ஒரு தடவையாவது பாக்கணும்னு தோணுச்சு. ஹெர்ஷல் மேல பழி வரும்னு நினைக்கல. அது மட்டும் தப்புதான்.”

லோரீன் ராஸ்கோ பக்கம் திரும்பினார். “அவ மாத்தாம இருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? ஏழுக்கு மூணுன்னா உன் சூப்பர்சார்ஜர் நிமிஷத்துக்குப் பதினாலாயிரம் சுத்து சுத்தும். அது தாங்குறது பதிமூணாயிரம். கீழ் புல்லி வாங்கும்போது மேல எவ்வளவுன்னு பாக்கணும்யா.”

“அந்தக் கணக்கும் போட்டுப் பாத்தேன்,” என்றாள் விலெட்டா மெதுவாக.

ராஸ்கோ நேராக ஹெர்ஷலிடம் போய், தொலைபேசியில் திட்டியதற்கு ஊரறிய மன்னிப்புக் கேட்டார். ஹெர்ஷல் எலுமிச்சைச் சாற்றை ஒரு வாய் குடித்து, அவரைக் காக்கவைத்தார்.

“மன்னிச்சுட்டேன் போ. ஆனா இன்னிக்கு நான் விலெட்டா கட்சி.”

இரண்டு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு கார்களும் பாதி தூரம்வரை ஒட்டிக்கொண்டே ஓடின. கூட்டம் எழுந்து நின்றது. டட்லி யாருக்காகக் கத்துகிறோம் என்றே தெரியாமல் கத்தினார். சிவப்பு கார் அரை அடி முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது.

ராஸ்கோ இறங்கி வந்து மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். முகமெல்லாம் பல்லாக ஹெர்ஷலிடம் வந்தார்.

“தோத்துட்டேன்டா. ஆனா ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்குன்னு புரியலை.”

“இன்னிக்குத்தான் நீ பந்தயம் ஓட்டியிருக்க,” என்றார் ஹெர்ஷல். “இத்தனை நாளும் சும்மா முன்னால போயிட்டிருந்த.”