நனையாத மண்

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்த டார்லாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முந்தின நாள் சாயங்காலம் இதே பாத்தியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஊற்றி முடித்தபோது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மேலே போர்த்தியிருந்த வைக்கோலும் சருகும் இன்னும் லேசாக நனைந்தே இருந்தன. அதை விலக்கினால் அடியில் மண் அடுப்புச் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. எங்காவது ஒழுகியிருக்கும் என்று மண்டியிட்டு, பாத்தியைத் தாங்கும் பலகைகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது. அவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போய்த் தொலைந்தது?

பாத்தி என்பது கனத்த துணியில் தைத்த பெரிய தொட்டி. ஓர் ஆள் அதில் கால் நீட்டிப் படுக்கலாம். வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மான்கறி வைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில், கறுப்பு பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றைக் கட்டி அதற்குள் வைத்திருந்தாள். உள்ளே ஐந்து கஞ்சாச் செடிகள், எல்லாம் பூ விட்ட பருவத்தில். வெளியே, அமெரிக்காவின் வட எல்லையில் கிடக்கும் சுபீரியர் ஏரியிலிருந்து வந்த பனி ஜன்னலைப் பாதிக்கு மேல் புதைத்திருந்தது. கூடாரத்துக்குள் மட்டும் எப்போதும் மழை விட்ட காடு மாதிரி ஒரு வாசனை, அதன் மேல் பூக்களின் காரமான நெடி, மின்விசிறிகளின் ஓயாத ரீங்காரம்.

அவள் வளர்க்கும் முறைப்படி செடிக்கு எதுவும் ஊட்டக் கூடாது, மண்ணுக்குத்தான் ஊட்ட வேண்டும். முளைகட்டின பார்லி மாவு, மண்புழு உரம், கடற்பாசி, மீன் கரைசல் எல்லாவற்றையும் மண்ணுக்குக் கொடுத்தால் மண் செடியைப் பார்த்துக்கொள்ளும். முக்கியமாக, ஒரு தடவை மண் உயிர் பிடித்துவிட்டால் பிறகு அதைக் கொத்தவே கூடாது. பழைய செடியை அறுத்துவிட்டு, வேரை அப்படியே உள்ளே விட்டு, பக்கத்தில் புதுச் செடியை நட வேண்டும். இரண்டு அறுவடை அப்படித்தான் போனது. மூன்றாவதில்தான் இந்தத் தொல்லை.

"என்ன அம்மணி, உன் புள்ளைங்க பால் குடிச்சாச்சா?" என்று மேலே சமையலறையிலிருந்து அர்வோ கத்தினான்.

"குடிக்குதுங்க. குடிச்சிட்டு இல்லேன்னு சாதிக்குதுங்க."

அர்வோ அவள் புருஷன். காட்டில் மரம் வெட்டுகிறவனாக இருந்தான். லாரியில் ஏற்றிய மரம் ஒன்று சரிந்து முதுகெலும்பில் விழுந்த நாளிலிருந்து அவன் உலகம் சமையலறை நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுருங்கிவிட்டது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை முதலில் வலியைத் தின்றது, பிறகு அவனையே தின்ன ஆரம்பித்தது. ஒரு காலையில் உதடு நீலம் பாரித்து, மூச்சே தெரியாமல் கிடந்தவனை டார்லா கன்னத்தில் அறைந்து அறைந்து எழுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நோயாளிக்காக வளர்க்க அனுமதி வாங்கி இந்தச் செடிகளைப் போட்டாள். இந்தப் பூ இருக்கிற வரை அவன் மாத்திரை கேட்பதில்லை. போன அறுவடையின் ஜாடியோ கிட்டத்தட்டக் காலி. இந்த அறுவடை பொய்த்தால் அவன் மாத்திரைக்குத்தான் போவான். போனால் மறுபடி எழுப்ப முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்து ஊரான ஹௌட்டனில் செடி வளர்ப்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஷெல்டனுக்கு ஃபோன் போட்டாள். அவன் சிரித்தான். மண் ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளிவிடும், கற்றாழையைப் பிழிந்து தண்ணீரில் கலந்து மெதுவாக விடுங்கள் என்றான். எரிச்சலில் தோண்டிப் பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும்தான் அவன் சிரிப்பு நின்றது.

"தோண்டிடாதீங்க அக்கா. பூ முத்தற நேரம். வேர் அறுந்துதுன்னா அப்புறம் ஒண்ணும் தேறாது."

கற்றாழை பிழிந்து விட்டாள். மண் தள்ளவில்லை. ஊற்றின இடத்தில் மெல்லிய சடசடப்புக் கேட்டது, சோளம் பொரிகிற மாதிரி. தண்ணீர் தேங்கவே இல்லை, ஒரு கணம்கூட. அவள் கையை எடுத்து இன்னோர் இடத்தில் ஊற்றப் போனபோது, ஊற்றுவதற்கு முன்னாலேயே அங்கே சடசடப்பு ஆரம்பித்துவிட்டதாகத் தோன்றியது. தூக்கமில்லாத தலை இப்படித்தான் எதையாவது கேட்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு வாளியைக் காலி செய்தாள். மறுநாள் சாம்பல். அதற்கு மறுநாளும் சாம்பல்.

பிறகு மண்புழுக்கள் வெளியேறின. துணிச் சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, சிமெண்டில் விழுந்து, நெளிந்து, காய்ந்து செத்துக் கிடந்தன. மண்ணுக்குத் தீனி அதிகமானால் புழு ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உயிரோடிருந்தவற்றைக் கைநிறைய அள்ளி உள்ளே போட்டாள். அவை மண்ணுக்குள் போகவில்லை. வைக்கோலின் மேலேயே கிடந்து, மறுபடி சுவரைத் தேடி ஊர்ந்தன. அவ்வளவு பாடுபட்டு வளர்த்த புழுக்கள், அவள் கண் முன்னாலேயே இந்த மண்ணுக்குள் இருப்பதைவிடச் சாவது மேல் என்று போய்க்கொண்டிருந்தன. டார்லா வாளியை எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

அப்போதுதான், நினைக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த அரிசிப் பெட்டி அவளுக்கு நினைவு வந்தது.

மண்ணுக்கு உயிர் கூட்ட இப்படி வளர்க்கிறவர்களெல்லாம் செய்கிற வேலைதான் அது. வேகவைத்த அரிசியை மரப்பெட்டியில் போட்டு, காகிதத்தால் மூடி, காட்டில் பெரிய மரத்தடிச் சருகுக்குள் புதைத்து வைப்பார்கள். சில நாளில் அரிசி மேல் வெள்ளைப் பஞ்சு படரும். அதை எடுத்துச் சர்க்கரையில் பிசைந்து மண்ணுக்குக் கொடுப்பார்கள். வெள்ளை தவிர வேறு எந்த நிறம் வந்தாலும் பெட்டியோடு தூக்கியெறிய வேண்டும். இலையுதிர் காலத்தில் அவள் வைத்த பெட்டியில் வந்தது வெள்ளை இல்லை. வெளிறிய ரோஜா நிறம், ஆறுகிற புண்ணின் மேல் தோல் மாதிரி. சுற்றிலும் முதல் பனி விழுந்திருக்க, அரிசி மட்டும் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்து முகர்ந்தபோது கைக்குழந்தையின் உச்சந்தலை வாசனை அடித்தது. எறிந்திருக்க வேண்டும். ஆனால் இன்னொரு பெட்டி வைக்கப் பனி இடம் கொடுக்காது, ஜாடி குறைந்துகொண்டிருந்தது, வீட்டில் அர்வோ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரவாயில்லை, சர்க்கரையில் எல்லாம் சரியாகும் என்று பிசைந்து மண்ணில் போட்டுவிட்டாள்.

ஆனாலும் பூக்களைப் பார்த்தால் அவளால் எதையும் திட்ட முடியவில்லை. அவ்வளவு கொழுத்த பூக்களை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. தண்ணீரே காணாத மண்ணில், ஒரு வெளிறிய இலைகூட இல்லாமல், ஐந்தும் தளதளவென்று நின்றன.

ஜாடி காலியான அன்று அர்வோ சாயங்காலம் முழுக்க அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "வலிக்குது டார்லா" என்று மட்டும் சொன்னான். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சே கிடையாது. அவள் கீழே போய், முற்றாத பூவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஓர் அடிக்கிளையை அறுத்தாள். சூடு தணிந்த நீராவிக் குளியல் அறையான சவ்னாவில் தொங்கவிட்டு அவசரமாகக் காயவைத்து, அவன் பைப்பில் அடைத்துக் கொடுத்தாள்.

அவன் புகையை விட்டுவிட்டு வெகுநேரம் அசையாமல் இருந்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"வலி இல்ல."

"கொறைஞ்சிருக்கா?"

"இல்லவே இல்லைங்கறேன்."

டார்லா சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம். அந்தப் பாழாய்ப்போன மண் எவ்வளவு வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு முழு மனதோடு நினைத்தாள்.

அடுத்த சில நாளில் அவன் தண்ணீர் கேட்க ஆரம்பித்தான். முதலில் டம்ளர், பிறகு ஜக்கு. அவள் கொண்டுவந்து வைப்பதற்குள் காலி செய்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினான். கீழே ஒருவருக்குச் சுமந்தது போதாதென்று மேலேயும் சுமக்க வேண்டியிருந்தது.

"ஒட்டகத்தைக் கட்டிக்கிட்டேன்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"தண்ணிதானே கேக்கறேன், விஸ்கியா கேக்கறேன்?"

அவளும் சிரித்தாள். ஆனால் இரவு அவன் முதுகில் களிம்பு தேய்த்தபோது, தேய்த்த கை காய்ந்தே இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தாள். அதுவும் போன இடம் தெரியவில்லை. தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து விரிப்பில் விழுந்தது. குளிர்காலத் தோல் அப்படித்தான் என்று விரிப்பை உதறினாள். அவன் கம்பளிக் காலுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார ஆரம்பித்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஜலதோஷம் பிடித்தால் யார் பார்ப்பது? நாற்காலியையும் அடுப்போரத்திலிருந்து இழுத்து, குளிர் ஏறும் மூலையில் போட்டிருந்தான். இரண்டு பாதங்களையும் பலகைத் தரையில் அழுத்தி ஊன்றியிருந்தான். அந்த மூலைக்கு நேர் கீழேதான் பாத்தி இருக்கிறது என்பது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான்.

மறுநாள் அவள் பார்லி மாவு வாங்க ஊருக்குள் போய், அவனுக்குப் பிடித்த மாவுக்குள் மாட்டிறைச்சி பொதிந்து சுட்ட பாஸ்டியும் வாங்கிக்கொண்டு நடுப்பகலில் திரும்பினாள். நாற்காலி காலி. பேஸ்மென்ட் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராத்திரியில் மின்சாரம் மலிவு என்பதால் அவள் விளக்குகள் ராத்திரிதான் எரியும். பகல்தான் அந்தச் செடிகளுக்கு ராத்திரி. அந்த இருட்டில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் செடி குழம்பிப்போய் விதை பிடித்துவிடும், பூ வீண். இது அர்வோவுக்கும் தெரியும். அவன் கைத்தடி படியின் மேல்முனையில் சாய்த்து வைத்திருந்தது.

கைத்தடியைப் பார்த்த பிறகுதான் கோபம் நின்றது. அவனால் படி இறங்க முடியாது. விழுந்து கிடக்கிறான். அந்தப் பதற்றத்திலும் அவள் கை பழக்கதோஷத்தில் பின்னால் கதவைச் சாத்தியது. நெற்றியில் பச்சை விளக்கை மாட்டிக்கொண்டாள். பச்சை வெளிச்சத்துக்கு மட்டும் செடி விழிக்காது.

"அர்வோ?"

படியடியில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. விசிறிகள் ஓடவில்லை. ஓடாத விசிறிகளின் கீழே, வேறு ஏதோ ஒன்று, மிக மெதுவாக, காற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டது. குழந்தைத் தலையின் வாசனை, படியிலேயே, மூக்கை அடைத்தது. கூடாரத்தின் ஜிப் திறந்திருந்தது.

தலையை உள்ளே நீட்டினாள். பச்சை வெளிச்சத்தில் இலைகள் கறுப்பாகத் தெரிந்தன. தண்டுகள் தெரிந்தன. ஒன்று. இரண்டு. ஐந்து.

ஆறு.

"யோவ்," என்றாள். "என்னய்யா பண்றே இங்க?"

அர்வோ பாத்தியின் நடுவில் நின்றிருந்தான். நேராக. யாரையும் எதையும் பிடிக்காமல். பைஜாமாவை முழங்கால் வரை ஒழுங்காகச் சுருட்டி விட்டிருந்தான். கெண்டைக்காலுக்குக் கீழே வைக்கோல்தான் இருந்தது. அவன் முகம் மேலே திரும்பியிருந்தது, அணைந்த விளக்குகளைப் பார்த்து.

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். பாரம். பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். ஐந்து செடிகளும் ஒரே நேரத்தில் குலுங்கின.

"இழுக்காத," என்றான். "வலிக்குது."

அவள் கைகள் தாமாகவே விட்டுவிட்டன.

குனிந்து வைக்கோலை விலக்கினாள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. தோல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெளிறிய ரோஜா நிற நூல்கள், முடியைவிட மெல்லியவை, கெண்டைக்காலைச் சுற்றி ஏறி, தோலுக்குள் நுழைந்து, இன்னும் மேலே, தோலுக்கு அடியில், முழங்காலை நோக்கி. மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. கை எட்டும் தூரம்தான். அவள் அதைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடிக்காத அந்த முகத்தை.

மண்ணில் விரலை வைத்தாள். சாம்பல்.

"அடியில ஊத்து," என்றான் அர்வோ, சமையலறையிலிருந்து கேலி பேசும் அதே குரலில். "இலையில படாம."

டார்லா வாளியைத் தூக்கினாள். அவன் கால்மாட்டில் மெதுவாகச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்க இறங்க, மேலே, மூடிய வாயோடு, அவன் தொண்டை ஏறி ஏறி இறங்கியது.