வெதுவெதுப்பான சுவர்

வெயிலே எட்டிப் பார்க்காத அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பல் மருத்துவர் கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். வீங்கிய ஈறைத் தொட்டால் விரலில் தங்குமே, அதே சூடு.

"ஏங்க, இதுதான் கோட்டையோட வெடிமருந்துக் கிடங்கு. முற்றுகை நடந்தப்ப, உள்ள ஆளுங்க இருக்கும்போதே வாசலை அடைச்சுட்டாங்களாம்," என்றாள் மனைவி. பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். லீவு நாளிலும் பாடம் எடுக்காமல் இருக்க முடியாது அவளுக்கு.

"இடிஞ்ச சுவரைப் பார்க்க இவ்வளவு தூரம். இதுல கதை வேற. உன் கிளாஸ் பிள்ளைங்க எப்படித்தான் முழிச்சிருக்குதோ!"

அவள் முகம் சுருங்கியது. சூரியன் சாய்வதைப் பார்க்கக் கொத்தளத்துப் பக்கம் போய்விட்டாள். போகட்டும். உள்ளதைச் சொன்னால் உடனே மூக்கு சிவந்துவிடும்.

தலை குனிந்து கிடங்குக்குள் நுழைந்தார். வௌவால் எச்சத்தின் நெடி, எப்போதோ தேங்கிய மழைநீர், காதலர்கள் கிறுக்கிவிட்டுப் போன பெயர்கள். இதற்குப் பெயர் பாரம்பரியம்! காறித் துப்பினார். எச்சில் சுவரில் வழியவில்லை. வறண்ட நாக்கு உறிஞ்சுவது போல மெல்ல உள்ளே இறங்கியது. அப்புறம், சுவருக்குள் எங்கோ, யாரோ விழுங்கும் சத்தம்.

எலியாக இருக்கும். எலிதான். பார்க்க ஒருவரும் இல்லாதபோதும் அலட்சியமாகச் சிரித்துக் காட்டினார். சுவரும் சிரித்தது. எதிரொலி என்று நினைத்தார். ஆனால் அவர் நிறுத்திய பிறகும் அது நிறுத்தவில்லை. அவருடைய அந்த அலட்சியச் சிரிப்பு சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சிரித்துப் பழகியது.

ஓடப் பார்த்தார். உள்ளங்கை சுவரில். எப்போது வைத்தார்? எடுக்க வரவில்லை. கல் குழைந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். கத்த வாயைத் திறந்தார். வாய் நிறையச் சுண்ணாம்பு.

இப்போது அவர் முழுக்கச் சுவருக்குள். வெளியே பார்க்க, கண்ணுக்கு எதிரே கல்லில் ஒரு கீறல் மட்டும்.

"எங்க இருக்கீங்க? இருட்டப் போகுது!" வெளியே மனைவி.

"இதோ வந்துட்டேம்மா." அவர் குரல்தான். அவர் பேசவில்லை.

அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருடைய நடையில், ஒன்று தூசியைத் தட்டியபடி கிடங்கை விட்டு வெளியேறியது. "அந்த முற்றுகைக் கதையை முதல்லேர்ந்து சொல்லேன். கேக்கணும்போல இருக்கு."

அவள் ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. பல வருஷமாக அவர் பார்க்காத மலர்ச்சி. அதன் கையைக் கோத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.

நடக்கும்போது அது ஒருமுறை கீறலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த வாயில் பல் இல்லை. இருட்டு. இருட்டுக்குள், வெளியே வரத் துடிக்கும் விரல்கள்.