உதைக்கு மசியாத வண்டி

இரண்டு கிலோமீட்டர் மழையில் தள்ளிக்கொண்டு வந்த வண்டி. காலையிலிருந்து ஒரு தடவைகூட ஸ்டார்ட் ஆகவில்லை என்று மைத்துனன் சொன்னான். ஆனால் மெக்கானிக் எஞ்சின் மேல் கையை வைத்தபோது அது சூடாக இருந்தது. ஓடிக் களைத்த எஞ்சினின் கொதிப்பு இல்லை. போர்வைக்குள்ளிருந்து அப்போதுதான் எழுந்த உடம்பின் வெதுவெதுப்பு.

பொய் சொல்கிறான் என்று மெக்கானிக் அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டான். ஓட்ட வேண்டிய மட்டும் ஓட்டிவிட்டு, நின்றதும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் தெரியாத ஜென்மம். மனைவியின் தம்பி என்பதற்காக இந்தக் கோழையைப் பதினோரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறான். ஏதோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து தபால்களுக்கு நம்பர் போடுகிறவன். ஸ்டூலில் உட்காரவும் அனுமதி கேட்கிறவன். என்ன திட்டினாலும் தலையைக் குனிந்துகொண்டு "ம்" மட்டும் சொல்கிறவன். வீட்டிலேயே மெக்கானிக் இருக்க, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய வண்டி வாங்கியிருக்கிறான். அதுதான் உண்மையான குற்றம்.

"யாருகிட்டடா வாங்கினே இந்த ஓட்டை உடைசலை?"

"ஒரு அம்மாகிட்ட மாமா. அவங்க வீட்டுக்காரர் ஓட்டினது. அவர் இப்ப இல்லையாம்."

"செத்துட்டானா?"

"அதை நான் கேக்கல மாமா."

"கேக்கல! உன்னை நம்பி வித்தாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்."

மைத்துனன் நனைந்த கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "மெதுவா தட்டிக்கொடுத்து ரெண்டு வார்த்தை பேசினா, சில நேரம் ஸ்டார்ட் ஆகுது மாமா."

மெக்கானிக் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "தாலாட்டும் பாடேன். போய்ப் புது பிளக் ஒண்ணு வாங்கிட்டு வா, போ."

பிளக் அலமாரியிலேயே நான்கு கிடந்தன. அந்த முகம் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கி விட்டிருந்தான். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்ட, பழைய ஆயிலும் ரப்பரும் ஈரச் சாக்கும் கலந்த பழகிய வாசனை பட்டறைக்குள் கனத்துக் கிடக்க, ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்த வண்டி சென்டர் ஸ்டாண்டில் சற்றே தலையைச் சாய்த்து நின்றது, தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிற ஆளைப்போல.

கிக்கரை உதைத்தான். பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தான். ஐந்தாவது உதையிலோ ஆறாவதிலோதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஒவ்வொரு உதைக்கும் எஞ்சினின் அடியிலிருந்து ஒரு முனகல். வாயை இறுக மூடிக்கொண்டு அடி வாங்குகிறவனின் முனகல்.

வால்வு தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஓங்கி உதைத்தான்.

பிறகு வரிசையாகப் பார்த்தான். பெட்ரோல் குழாயைக் கழற்றினால் தாராளமாக வந்தது. கார்ப்பரேட்டரில் தூசி துரும்பு இல்லை. ஏர் ஃபில்டர் புதிது போலிருந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து உதைத்தபோது நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவனுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. இருபது வருடத் தொழில். எத்தனையோ வண்டிகளை ஒரே உதையில் கிளப்பியவனை, ஒரு முட்டாளின் வண்டி முழிக்க வைப்பதா?

பிளக்கின் முனை ஈரமாக இருந்தது. பெட்ரோல் என்று நினைத்து முகர்ந்தவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தூங்கி எழுந்து பல் துலக்காத வாயின் வாடை.

மிச்சமிருந்தது கம்ப்ரஷன். வண்டிக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிளக் இருந்த துளையை இடது கட்டைவிரலால் அழுத்தி மூடி, வலது கையால் கிக்கரை அமுக்கினான். காற்று குப்பென்று விரலைத் தள்ளியது. நல்ல கம்ப்ரஷன். கிக்கரை விட்டுவிட்டான்.

துளை மறுபடி காற்றை உள்ளே இழுத்தது.

அவன் கை கிக்கரில் இல்லை.

வெளியே விட்டது. இழுத்தது. விட்டது. அவசரமே இல்லாமல்.

விரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

"மாமா, பிளக் கிடைச்சிடுச்சு." ஷட்டருக்கு அடியில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மடித்துவிட்ட பேன்ட், சேறு அப்பிய செருப்பு. "உள்ள வரட்டுமா?"

ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் இவன் உள்ளே வந்து பார்ப்பான். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்வான். மாமாவின் விரல் வண்டியில் மாட்டிக்கொண்டதாம் என்று குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதிலும் இவனா கைகொடுத்துத் தூக்குவது?

"அங்கேயே நில்லு. வேலை முடியல."

"சரி மாமா."

நின்றான். நிற்கச் சொன்னால் நிற்பான்.

மெக்கானிக் எஞ்சினில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். ஆயிலை ஊற்றினான். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. விரல் மட்டும் வலிக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று, மெத்தென்று, வெதுவெதுப்பாக, நகத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு கடினமாகச் சில. மேலே ஒரு வரிசை. கீழே ஒரு வரிசை. கடிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தன.

மானம் போனால் போகட்டும். மெக்கானிக் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. நெஞ்சை எக்கினான். தொண்டையில் காற்றே இல்லை. எல்லாம் கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

சைலன்சரிலிருந்து குரல் வந்தது. அவன் குரல். அதே எரிச்சல், அதே ஏளனம்.

"இன்னும் என்னடா நிக்கறே? கெளம்பு. ரெடியானதும் நானே கொண்டு வரேன்."

"சரி மாமா." ஷட்டருக்கு அடியில் ஒரு கை நீண்டு, பிளக் டப்பாவைத் தரையில் பத்திரமாக வைத்தது. "அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

மெக்கானிக் தரையைக் குதிகாலால் அறைந்தான். மழை அதை விழுங்கியது. தலையை ஆட்டினான். வேண்டாம், போகாதே. கால்களுக்குக் கண் ஏது?

"வர நேரமாகும்னு சொல்லு. ஷட்டரை இழுத்து விட்டுட்டுப் போ."

"சரி மாமா."

ஷட்டர் கிறீச்சிட்டு இறங்கியது. செருப்பு மறைந்தது. பல்பு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. தரையோடு ஒரு விரற்கடை வெளிச்சம் மட்டும் மிஞ்ச, அதில் அவன் தன் கையைப் பார்த்தான்.

விரல் நுனிகூடச் சரியாக நுழையாத அந்தத் துளைக்குள், கை மணிக்கட்டு வரை இருந்தது.